இடது முன் சக்கரம்

ஜனவரி 8, புதன்

இன்று டீன் சிதம்பரநாதன் எல்லாத் துறையினரையும் செமினார் ஹாலில் கூட்டி வைத்து, இந்த ஆண்டின் சாதனைகளைத் திரையில் ஓட்டிக் காட்டினார். கம்ப்யூட்டர் துறைக்கு மட்டும் திரை மாறிக்கொண்டே இருந்தது. மாணவர்கள் ஜெயித்த போட்டிகள், ஆசிரியர்களின் காப்புரிமைகள், வெளிநாட்டுக் கட்டுரைகள். எங்கள் மெக்கானிக்கல் துறைக்கு ஒரே வரி: ‘மின் பந்தய வண்டி அணி தேசியப் போட்டிக்குத் தேர்வு. ஆலோசகர்: எஸ்தர் பொன்மாலர்.’ ‘பொன்மலர்’ ‘பொன்மாலர்’ என்று விழுந்திருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் என் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும்.

கூட்டம் முடிந்ததும் டீன் என்னை நிறுத்தினார்.

“டாக்டர், உங்க டிப்பார்ட்மென்ட்ல முதல் வருசம் எத்தன பிள்ளைக சேந்திருக்குன்னு உங்களுக்கே தெரியும். அடுத்த வருசமும் இப்படின்னா மேனேஜ்மென்ட் மெக்கானிக்கலையே மூடிருவாங்க. வெறுங்கையோட போய் என்னால பேச முடியாது. ஒரு கப்பு கொண்டாங்க, நான் பேசுதேன்.”

அவர் கெட்டவரில்லை. அவரும் மெக்கானிக்கல் படித்தவர்தான். துறையை மூடும் உத்தரவில் அவரே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

எனக்குக் கப்பு முக்கியமில்லை. பிள்ளைகள் எதையாவது உருப்படியாகச் செய்து பழகினால் போதும்.

வீட்டுத் தண்ணீர் மோட்டார் மறுபடி இழுக்கவில்லை. என் கணவர் டேனியல் ஆளைக் கூப்பிடலாம் என்றார். நானே கழற்றி வால்வைத் துடைத்து மாட்டினேன்.

ஜனவரி 11, சனி

நாள் முழுக்கப் பட்டறையில். வண்டி இன்று சொந்தக் காலில் நின்றது. ஒரே ஆள் உட்காரும் தாழ்ந்த பந்தய வண்டி. ஆள் உட்கார்ந்தால் இருக்கை தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும், அவ்வளவுதான்.

வெல்டிங் எல்லாம் உச்சிமாகாளி கை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன், இப்போது மூன்றாம் ஆண்டு. மற்ற விஷயத்தில் வாயே திறக்கமாட்டான். வெல்டிங் என்றால் நிறுத்தமாட்டான். முகைதீன் கம்ப்யூட்டர் துறை, இறுதியாண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு சென்சார் வைத்திருக்கிறான். வண்டி ஓட ஓட, சக்கரத்தின் நடுக்கம் அவன் லேப்டாப்பில் கோடாக ஓடும். பேச்சியம்மாள் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். அப்பா டவுன் பஸ் டிரைவர். வண்டியை ஓட்டுவது அவள்தான். எடை குறைவு, அதனால் அவளைத் தேர்ந்தெடுத்தோம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை அதுவல்ல. வளைவில் அவளைப்போல வண்டியைத் திருப்ப இந்தக் கல்லூரியில் ஆளில்லை.

கிரவுண்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் புழுதி. “மேம், இது நம்ம பேச்சக் கேக்குது மேம்” என்றாள். உச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்திருப்பான்.

ஜனவரி 18, சனி

மதுரையில் கருத்தரங்கு. சக்கரத்தின் நடுக்கத்தை வைத்து, உலோகத்தில் விழும் விரிசலை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும் என்று முகைதீனும் நானும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குச் சிறந்த கட்டுரைப் பரிசு. அவன்தான் பேசினான். கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னான். மேடையிலிருந்து இறங்கும்போது கேடயத்தை என்னிடம் நீட்டினான். “நீயே வச்சுக்கோப்பா” என்றேன்.

பிறகு பஸ்ஸில் என் மடியில்தான் இருந்தது. அவன் தூங்கிவிட்டான்.

ஜனவரி 23, வியாழன்

மகள் ஷெரின் கல்லூரிக்கு என் ஸ்கூட்டரைக் கேட்டாள். பத்தொன்பது வயதாகிறது, லைசென்ஸ் இருக்கிறது. மழை வரும் போலிருந்தது. கொடுக்கவில்லை.

மழை வரவில்லை.

ஜனவரி 29, புதன்

கல்லூரி முகப்பில் சாதனையாளர் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். முகைதீன் படமும் என் படமும் மாட்டியாகிவிட்டது. நான் அந்த வழியாகப் போனது நூலகத்துக்கு. திரும்பும்போதும் அந்த வழிதான்.

பட்டறையில் வேறு பிரச்சினை. இடது முன் சக்கரத்தின் கோடு மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் அதிகமாக நடுங்குகிறது. அங்கே நக்கிள் என்று ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. சக்கரத்தையும் ஸ்டீயரிங்கையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். அது உடைந்தால் சக்கரம் தனியே போகும், வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். சாயம் அடித்துப் பார்த்தேன். சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய சாயம் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். ஒன்றும் வரவில்லை.

“என் வெல்டிங் மேம் அது” என்றான் உச்சி. விரிசல் வராது என்று அர்த்தம்.

பிப்ரவரி 12, புதன்

நாளை கோவை கிளம்புகிறோம். வண்டி லாரியில் ஏறிவிட்டது. டேனியல் நாலு நாளைக்குத் தோசை மாவு போதுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மிக்ஸி ஜாரைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

“ஜெயிக்கணும்னு இருக்கா?” என்றார்.

“பிள்ளைகளுக்கு ஒரு அனுபவம்” என்றேன்.

“அந்த ஜார் நேத்தே சுத்தமாத்தான் இருந்துச்சு” என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஊருக்கு வெளியே பந்தயத் தடம். நாடு முழுதுமிருந்து கல்லூரிகள். சிலருடைய கூடாரத்தில் ஏசியே இருக்கிறது. எங்களுக்கு வாடகைத் தார்ப்பாய். பிரேக் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் தேறி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். உச்சி அந்த ஸ்டிக்கரைப் போனில் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினான்.

பிப்ரவரி 15, சனி

எழுதவே கை ஓடவில்லை. தகுதிச் சுற்றில் முதல் இடம்!

பேச்சியின் நேரத்தை ஒலிபெருக்கியில் சொன்னபோது எங்களுக்குப் புரியவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் எழுந்து வந்து எங்கள் வண்டியைச் சுற்றி நின்று பார்த்த பிறகுதான் புரிந்தது. நாளை இறுதிப் போட்டியில் எங்கள் வண்டி முதல் வரிசையில், முதல் ஆளாக நிற்கும். நான் கத்தினேன் என்கிறார்கள். நான் கத்தியதாக எனக்கு நினைவில்லை.

டீனுக்குச் சொன்னேன். “வாரேன். விடியக்காலையே கிளம்புதேன். பத்திரிகைக்காரரையும் கூட்டிட்டு வாரேன்” என்றார். பேச்சியின் அப்பாவும் லீவு போட்டுவிட்டு வருகிறாராம்.

மாலையில் முகைதீன் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். இடது முன் சக்கரம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுக்கம் கூடியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, படிக்கட்டு மாதிரி.

“சென்சார் பிடிப்பு ஆடுது மேம், வேற ஒண்ணுமில்ல” என்றான்.

“இறுக்கிப் பாத்தியா?”

“இறுக்கமாத்தான் இருக்கு.”

“அப்புறம் எப்படி ஆடும்?”

அவன் லேப்டாப்பை மூடினான். ஜெயித்த நாளில் யார் முகத்தையும் கெடுக்க எனக்கும் மனமில்லை. காலையில் பார்ப்போம் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

திரும்பி வரும் வேனில் எழுதுகிறேன். எழுத்து குலுங்குகிறது. என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை, பைகளை வைத்திருக்கிறார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் நக்கிளில் சாயம் அடித்தேன். வெள்ளைப் பொடியின் மேல், வெல்டிங்கின் ஓரத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கீற்று வந்தது. நகத்தளவுகூட இல்லை.

உச்சி குனிந்து பார்த்தான். “கீறல் மேம். அரம் போட்டப்ப விழுந்திருக்கும்.”

“போன மாசம் இல்லையே.”

“அப்பம் பெயின்ட் இருந்துச்சு. இப்பம் உரிஞ்சு போச்சு.”

போட்டி நடத்துபவர்களின் சோதனை அதிகாரியைக் கூட்டி வந்தேன். வயதானவர். கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“மேலாப்புல ஒரு பள்ளமா இருக்கலாமுங்க. விரிசலாவும் இருக்கலாமுங்க. அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். விதிப்படி வண்டி பாஸ். ஓட்டறதும் விடறதும் ஆலோசகர் முடிவுங்க.”

வேறு நக்கிள் பொருத்தவும் வழியில்லை. தகுதிச் சுற்று ஓடிய அதே பாகங்களோடுதான் இறுதிப் போட்டியிலும் ஓட வேண்டும் என்பது விதி.

கூடாரத்துக்குள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் முகைதீனைப் பார்த்தேன்.

“நடுக்கம் இப்படி ஏறிக்கிட்டே போனா என்ன அர்த்தம்னு நம்ம கட்டுரையில எழுதிருக்கோம்?”

அவன் முகம் சுருங்கியது. “அது கட்டுரை மேம். இது ஃபைனல்.”

அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்த பிறகு எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பேச்சி பந்தய உடையில் தயாராக நின்றாள். “நான்லா ஓட்டுதேன். எங்கிட்ட யாராச்சும் கேக்கீங்களா?”

“சொல்லு.”

“நேத்து எனக்குக் கையில ஒண்ணுமே தெரியல. ஸ்டீயரிங் பூ மாதிரி இருந்துச்சு. நான் ஓட்டுதேன் மேம். ஏதாவது ஆனா என் பொறுப்புன்னு எழுதிக்கூடத் தாரேன்.”

“நீ எழுதித் தந்தா சக்கரம் கழலாதா?”

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை.

டீனுக்குப் போன் செய்தேன். வழியில் தாராபுரத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சோதனை பண்ணுன ஆளே பாஸ்னு சொல்லியாச்சு. அதுக்கு மேல நீங்க யாரு டாக்டர்?”

“நான் ஆலோசகர் சார்.”

“அப்பம் ஆலோசனை மட்டும் சொல்லுங்க. முடிவ நான் எடுக்கேன். வண்டி ஓடட்டும்.”

போனை வைத்தேன். அதிகாரியின் மேஜைக்குப் போனேன். போட்டியிலிருந்து விலகுகிறோம் என்று கையெழுத்துப் போட்டேன்.

போட்டி நடந்தது. முதல் வரிசையில் முதல் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றவர்கள் நின்றார்கள். ஜெயித்த வண்டியின் எந்தச் சுற்றும் பேச்சி நேற்று ஓட்டிய சுற்றைவிட வேகமில்லை. உச்சி வேனுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். பேச்சி மட்டும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். அவள் அப்பா காக்கிச் சட்டையை மாற்றி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். “சரி பிள்ள, வா, சாப்புடு” என்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கும்பிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வழியில் கார் நின்றுபோய், டீன் வந்து சேர்ந்தபோது பரிசளிப்பு முடிந்திருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். காலி மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பத்திரிகைக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வேன் திண்டுக்கல் தாண்டுகிறது. ஒருவர்கூடப் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையும் கழுவினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பேச்சி மூன்று நாளாக என் வகுப்புக்கு வரவில்லை. மற்ற வகுப்புகளுக்கு வருகிறாளாம். உச்சி வருகிறான், கடைசி பெஞ்சில் உட்காருகிறான், பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறான். பட்டறையில் சாயப் பெட்டியை யாரோ அலமாரியின் மேல் தட்டுக்கு, எனக்கு எட்டாத இடத்துக்கு, மாற்றி வைத்திருக்கிறார்கள்.

டீன் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

“விரிசல்னு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“விரிசல் இல்லன்னு நிச்சயமாத் தெரியுமா?”

“அதுவும் தெரியாது.”

“ரெண்டும் தெரியாம ஒரு துறையோட கழுத்துல கத்தி வச்சிருக்கீங்க.”

‘துறையின் கழுத்தில், பேச்சியின் கழுத்தில் அல்ல’ என்று ஒரு வாக்கியம் வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கும்போது தோன்றியது. நல்ல வாக்கியங்கள் எனக்கு எப்போதும் வெங்காயம் நறுக்கும்போதுதான் வரும்.

மார்ச் 3, திங்கள்

சாதனையாளர் விழா. கம்ப்யூட்டர் துறைப் பிள்ளைகள் வரிசையாக ஏறி இறங்கினார்கள். அமெரிக்காவில் நிரல் போட்டியில் ஜெயித்த பெண்ணுக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவளை முதல் ஆண்டில் எனக்குத் தெரியும், உழைத்த பிள்ளை. முகைதீனும் நானும் கட்டுரைக்காக மேடை ஏறினோம். அவன் எனக்கு அந்தப் பக்கம் நின்றான். போட்டோவில் எங்களுக்கு நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் இருக்கிறது.

இணைப் பேராசிரியர் பதவி உயர்வு அறிவிப்பும் வந்தது. என் பெயர் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தப் பச்சைப் பட்டுப்புடவையைச் சும்மாதான் கட்டிக்கொண்டு போனேன்.

மார்ச் 8, சனி

வண்டி பட்டறை மூலையில் போர்வை போர்த்திக் கிடக்கிறது. அந்த நக்கிளைக் கழற்றி அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனையோ நாளாக எனக்கு இது தெரியும். ஏன் அறுக்கவில்லை? பரீட்சைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. டேனியலுக்குக் காய்ச்சல். இப்படி.

இன்று மதியம் தனியாகப் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தேன். அந்த இளஞ்சிவப்புக் கீற்று இன்னும் இருந்தது. விரலால் தடவினேன். அப்போது என் மனதில் ஓடியதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதையும் கழுவித் துடைத்துவிடுவேன்.

விரிசல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆழமாக, எல்லோரும் பார்க்கும்படி, டீன் வாயடைத்துப் போகும்படி. ஜெபம் செய்வது போலவே வேண்டினேன்.

அப்புறம்தான் உறைத்தது. விரிசல் இருந்திருந்தால், அந்தச் சனிக்கிழமை பேச்சி அதன் மேல் உட்கார்ந்துதான் அத்தனை சுற்றும் ஓட்டியிருப்பாள். நான் அப்போது கத்திக் கை தட்டிக்கொண்டிருந்தேன். என் பக்கம் நியாயம் நிற்பதற்காக, அந்தப் பிள்ளை சாவுக்குப் பக்கத்தில் போய் வந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்தேன். இந்த வாரமே எல்லோரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் அறுக்க வேண்டும். என்ன வந்தாலும் சரி.

மார்ச் 12, புதன்

அறுத்தோம்.

உச்சியைத்தான் அறுக்கச் சொன்னேன். “என் வெல்டிங்க நானே அறுக்கணுமா மேம்?” என்றான். “வேற யாரு தொடலாம்?” என்றேன். ரம்பத்தை எடுத்தான். முகைதீன் சுவரில் சாய்ந்து நின்றான். பேச்சி வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை, வாசல் நிலையிலேயே நின்றாள்.

துண்டைத் தேய்த்து மெருகேற்றி, அமிலம் தடவி, லேபில் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பார்த்தேன். இடம் மாற்றி மறுபடி பார்த்தேன். எழுந்து உச்சியை உட்காரச் சொன்னேன்.

“என்ன தெரியுது?”

அவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “ஒண்ணுமில்ல மேம். மேல சின்னக் கீறல். உள்ள சுத்தமா இருக்கு.”

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு மேம்.” மைக்ராஸ்கோப்பில் முகத்தை வைத்தபடியே அழுதான். இத்தனை நாளும் அவன் என்னிடம் கோபமாக இருக்கிறான் என்று நினைத்திருந்தேன். தன் வேலையில் பேச்சி செத்திருப்பாளோ என்று அவன் பயந்துகொண்டிருந்திருக்கிறான்.

சென்சாரையும் கழற்றிப் பார்த்தோம். அதைப் பிடித்திருந்த மெல்லிய தகடு, ஒட்டியிருந்த டேப்புக்கு அடியில் பாதி அறுந்திருந்தது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் தகடு ஆடும். முகைதீன் வெட்டிய தகடு. விரிசல் இருந்தது உண்மை. ஆனால் சக்கரத்தில் இல்லை.

“அப்பவே சொன்னேன்லா” என்றான் அவன்.

“சொன்ன. நான் நெனச்சது தப்பு. உச்சி வேலை சரியா இருந்திருக்கு” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வாசலிலிருந்து பேச்சி கேட்டாள். “அப்பம் ஓடிருக்கும்.”

“ஓடிருக்கும்.”

“ஜெயிச்சிருப்போம்.”

“ஜெயிச்சிருப்போம்.”

வேறு என்ன சொல்ல? அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மறுபடி அதே காலை வந்தாலும் அதைத்தான் செய்வேன் என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனால் அது எனக்கு ஆறுதல், அவளுக்கு என்ன? அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருக்கிறது. அவள் சனிக்கிழமை ஓட்டிய வண்டி உடையவே உடையாது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக்கொண்டே இரண்டு முறை சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

டீனிடம் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கருத்தரங்குக்காரர்களுக்கும் எழுதப்போகிறேன் என்றேன். எங்கள் முறை பொய் எச்சரிக்கையும் தரும், தகடு அறுந்தாலும் சக்கரம் அறுந்ததாகச் சொல்லும், இதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும். சுவரில் இருக்கும் என் படத்தை எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன்.

“டாக்டர்” என்றார், கண்ணைத் திறக்காமலே. “எதையாவது ஒண்ணையாவது விட்டு வைங்க.”

படம் அங்கேயே இருக்கிறது.

முகைதீன் கட்டுரைத் திருத்தத்தில் பெயர் போட ஒப்புக்கொள்ளவில்லை. “வேலைக்கு இன்டர்வியூல இதத்தான் மேம் காட்டிட்டு இருக்கேன். இப்பம் போய்த் தப்புன்னு எழுதச் சொல்லுதீங்க.” கட்டாயப்படுத்தவில்லை. என் பெயரில் மட்டும் அனுப்பினேன். மாலையே பதில் வந்தது, பரிசைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு வரியில் நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு வழியனுப்பு விழா. முகைதீனுக்குச் சென்னையில் பேட்டரி கம்பெனியில் வேலை. எல்லா ஆசிரியர்களிடமும் போய்ச் சொல்லிக்கொண்டான். நான் ஐஸ்கிரீம் கப்போடு கடைசி வரை அங்கேயே நின்றேன். உருகிவிட்டது.

ஜூலை 9, புதன்

சேர்க்கை முடிந்தது. துறை மூடப்படவில்லை. ‘மெக்கட்ரானிக்ஸ்’ என்று பெயரை மாற்றினார்கள், பிள்ளைகள் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்துவிட்டார்கள். பாடம் பாதிக்கு மேல் பழைய பாடம்தான். பெயர்ப் பலகைக்குத்தான் இத்தனை நாள் பயந்தோமோ என்றிருக்கிறது.

பந்தய அணிக்கு என்னை நீக்கிவிட்டு, இளையவர் சங்கரபாண்டியனை ஆலோசகராகப் போடுவதாக டீன் சொன்னார். நியாயம்தான் என்றேன். அதற்குப் பிறகு நூலகத்தில் ஒரே பக்கத்தை ரொம்ப நேரம் படித்தேன்.

ஜூலை 14, திங்கள்

உச்சி என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டீன்ட்ட பேசிட்டு வாரோம் மேம். நீங்களே இருக்கணும்னு சொல்லியாச்சு, அவரும் சரின்னுட்டாரு.”

“ஏன்ப்பா, சங்கரபாண்டியன் சாருக்கு என்ன?”

“நல்லவருதான். நாங்க என்ன சொன்னாலும் சரிங்காரு. அதான் வேண்டாம்னோம்.”

“பேச்சியும் சொன்னாளா?”

“அவ இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கா. ஆனா மொதல்ல கையத் தூக்குனது அவதான்.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். “இந்தத் தடவ எல்லாப் பாகமும் ரெண்டு ரெண்டு செட் செஞ்சு, ரெண்டையும் முன்னாடியே போட்டி நடத்துறவங்ககிட்டக் காட்டிப் பாஸ் வாங்கிருவோம். அப்பம் மாத்திக்க விடுவாங்களாம், விசாரிச்சுட்டேன். இரும்பு வாங்கக் கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். அவன் போன பிறகுதான் எந்த அளவு இரும்பு என்று பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கேட்டு வாங்கிச் சரிபார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

ஜூலை 30, புதன்

முகைதீனிடமிருந்து மின்னஞ்சல். வணக்கமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. உள்ளே புதிய மென்பொருள், கூடவே கனமான தகட்டுக்கு ஒரு வரைபடம். சென்சார் ஆடினால் தனியாகக் காட்டுமாம், சக்கரம் நடுங்கினால் தனியாகக் காட்டுமாம். ‘நன்றி முகைதீன்’ என்று எழுதினேன். வேறு சில வரிகளும் எழுதி, அழித்துவிட்டேன்.

ஷெரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

புது வண்டியின் முதல் ஓட்டம்.

காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டேன். சாயம் அடித்தேன், துடைத்தேன், பொடி தெளித்தேன். நான்கு சக்கரம், எல்லா வெல்டிங்கும். ஒன்றுமில்லை. காபி குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை. உச்சி தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கிரவுண்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பேச்சி பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நக்கிளை அறுத்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. தேவைப்பட்டால் உச்சி வழியாகச் சொல்லி அனுப்புவாள். இன்று ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“பாத்துட்டீங்களா மேம்?”

“பாத்துட்டேன்.”

“சரியா இருக்கா?”

எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஒரு கீற்றுகூட இல்லை. என்றாலும், வேண்டாம், இறங்கு, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லத்தான் நாக்கு தவித்தது. அந்த பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை ‘வேண்டாம்’ என்று சொன்னதுதான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வார்த்தை என்று நினைத்திருந்தேன். இல்லை.

“சரியா இருக்கு. போ” என்றேன்.

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஹெல்மெட்டை மாட்டினாள், போய்விட்டாள்.

முதல் வளைவில் புழுதி எழுந்து வண்டியை மறைத்தது. உச்சி எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான். “உக்காருங்க மேம், பத்துச் சுத்து இருக்கு” என்றான்.

அவள் திரும்பி வந்து இறங்கும்வரை நான் உட்காரவில்லை.